மேலே போவது வழக்கேடு மட்டும்

கொழும்பில் எங்கள் சனம் ஒரு சட்டத்தரணியைக் கண்டால் முதலில் கேட்பது, "சிவிலா, கிரிமினலா?" அடுத்தது, "உறுதி எழுதுவீங்களா?" நான் நொத்தாரிசு வேலை பார்ப்பதில்லை என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். காணி உறுதி எழுதாமல் இவ எப்படிப் பிழைக்கிறா என்ற கவலை. மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளை நடத்துவதும் அவற்றின் மேன்முறையீடுகளில் வாதாடுவதும்தான் என் பிழைப்பு என்று கல்யாண வீட்டுப் பந்தியில் விளக்கப் போனால் சோறு ஆறிவிடும். சட்டக் கல்லூரியில் படிக்கிற சில பிள்ளைகள் "வழக்காடப் போகலாமா, கம்பனியில் சேரலாமா" என்று அண்மையில் கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இடம் புதுக்கடை, கொழும்பு 12. மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம், மேல் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், சட்டக் கல்லூரி எல்லாம் நடந்து போகிற தூரத்தில். எண்கோணக் கூரையோடு நிமிர்ந்து நிற்கிற கட்டடத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் எல்லாவற்றுக்கும் மேலான உயர் நீதிமன்றமும். இடைப்பட்ட ஒழுங்கைகளில் டைப் அடிக்கிற கடைகள், போட்டோக்கொப்பி, கறுப்புக் கோட்டு தைக்கிறவர்கள், தேத்தண்ணீர். காலையில் மாவட்ட நீதிமன்றத்தில் "ஸ்வாமினி" என்று சிங்களத்தில் தொடங்கி, அங்கியை மாட்டிக்கொண்டு ஓடி, மேலே "மை லோர்ட்" என்று ஆங்கிலத்தில் முடிக்கிற நாட்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் வராந்தாவில் நிற்கிற கட்சிக்காரரோடு தமிழ்.

என் அம்மம்மா கடைசிவரைக்கும் என்னை "அப்புக்காத்துப் பிள்ளை" என்றுதான் சொன்னா. அவவின் காலத்தில் அப்புக்காத்து எழுந்து வாதாடுவார், பிரக்கிராசி கோப்பைப் பார்ப்பார். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அந்த இரண்டு சாதியையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. சட்டம் மாறியதே தவிரப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் பெரிய வழக்குகளில் புரொக்சி (கட்சிக்காரர் கொடுக்கிற நியமனப் பத்திரம்) போட்டுக் கோப்பை வைத்திருப்பவர் ஒருவர், பிரீஃப் வாங்கி வந்து வாதாடுபவர் இன்னொருவர். புதிதாக வருகிற பிள்ளைகள் இரண்டாமவரைத்தான் பார்க்கிறார்கள். முதலாமவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மேன்முறையீட்டு அறிவித்தலில் கையெழுத்துப் போட வேண்டியது பதிவிலுள்ள சட்டத்தரணி, அதாவது அந்தப் புரொக்சி போட்டவர். எவ்வளவு பெரிய ஜனாதிபதி சட்டத்தரணி வாதாடியிருந்தாலும் அந்தக் கையெழுத்து பிழைத்தால் மேன்முறையீடு வாசலிலேயே நின்றுவிடும்.

வழக்காட வருகிறவர்களின் மனதில் ஒரு படம் இருக்கும். கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவம் மனைவியைக் கொன்றார் என்று தொடுத்த வழக்கில் கொல்வின் ஆர். டி சில்வா செய்த குறுக்கு விசாரணை போல ஒன்று. 1951 இல் நடந்த கொலை, 1953 இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. எங்கள் தொழிலில் இன்னும் அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிவில் நீதிமன்றத்தில் மயக்குவதற்கு ஜூரி கிடையாது. நீதிபதி இருக்கிறார், அவரும் தீர்ப்பு நாளில் இருப்பாரா என்பது நிச்சயமில்லை. ஒரு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது நீதிபதிக்கு இடமாற்றம் வரும். நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவின்படி புதியவர், முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே மிச்ச வழக்கைக் கொண்டு போகலாம். அன்றைக்கு நீங்கள் குரலை எப்படி ஏற்றி இறக்கினீர்கள், சாட்சி எப்படித் தடுமாறினார் என்பதெல்லாம் அந்த அறையோடு போய்விட்டது. மிஞ்சுவது டைப் அடித்த தாள். மேன்முறையீடு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, தீர்ப்பு எழுதுகிறவரே சில வேளை தாளைத்தான் வாசிக்கிறார்.

இந்தத் தொழிலில் நான் நம்புகிற ஒரே விஷயம் இதுதான்: விளக்கத்தின்போது, அதாவது முதல் நீதிமன்ற விசாரணையின்போது, நாங்கள் செய்கிற வேலை பேச்சு இல்லை, சாட்சியமும் ஆவணமும் பதிகிற வழக்கேட்டை உண்டாக்குவது.

ஒரு சாட்சியிடம் "மதில் எவ்வளவு தூரத்தில் இருந்தது?" என்று கேட்கிறோம். அவர் கையை நீட்டி "இந்தா, அந்தக் கதவு வரைக்கும்" என்கிறார். அறையில் இருக்கிற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஸ்டெனோ "அந்தக் கதவு வரைக்கும்" என்று அடித்துவிட்டுப் போவார். சில ஆண்டு கழித்து வேறு கட்டடத்தில் அதை வாசிக்கிற நீதியரசர் எந்தக் கதவைப் பார்ப்பார்? அதனால் உடனே எழுந்து, சாட்சி சுமார் 15 அடி தூரத்தைக் காட்டுகிறார் என்று பதியச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் "ஆம் என்று தலையாட்டுகிறார்" என்று பதிய வேண்டும். படத்தில் விரலை வைத்து "இது" என்றால், எந்த எழுத்துக் குறியிட்ட இடம் என்று கேட்டு வாங்க வேண்டும். பார்வையாளருக்குச் சலிப்பான வேலை. என் சீனியர் குறுக்கு விசாரணையில் ஒரு நல்ல பதில் கிடைத்ததும் அடுத்த கேள்விக்குப் பாயமாட்டார். ஸ்டெனோவின் கை நிற்கும் வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அது நாடகம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் அறையிலேயே இருந்தார்கள்.

ஆவணங்களும் அப்படித்தான். "நிரூபிப்பதற்கு உட்பட்டு" என்று அடையாளமிட்ட ஓர் உறுதியை எதிர்த்தரப்பு, வழக்கை மூடும்போது மறுபடி ஆட்சேபிக்காவிட்டால் அது எல்லா நோக்கத்துக்கும் சாட்சியமாகிவிடும். துறைமுக அதிகார சபை சம்பந்தப்பட்ட 1981 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி நாங்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிற விதி இது. மூடுகிற அன்றைக்கு ஆவணங்களை வாசிக்கும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்த்தரப்பு ஜூனியரால் தோற்ற வழக்குகள் உண்டு. 2022 இல் சிவில் நடைமுறைச் சட்டக்கோவைக்கு வந்த திருத்தம், ஓர் உறுதியின் உண்மைத்தன்மையை எதிர்த்தரப்பு எழுவினாவாக (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வியாக) கிளப்பாவிட்டால் அதை முறைப்படி நிரூபிக்கத் தேவையில்லை என்று இந்தக் கெடுபிடியைத் தளர்த்தியிருக்கிறது. நல்ல திருத்தம்தான். ஒரு கையெழுத்தை நிரூபிப்பதற்காக எண்பது தாண்டிய நொத்தாரிசை மாடிப்படி ஏற்றுகிற கொடுமை குறையும்.

எங்கள் ஆட்களின் வழக்குகளில் எனக்குப் பிடித்த வகை ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் ஒரு வீடு. மனைவி பெயரில் இருந்தது, அவ விற்றுவிட்டா. கணவர் வந்து, என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்றது செல்லாது என்கிறார். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற அந்தச் சம்மதம் வேண்டும். 2020களிலும் இது சட்டம் என்றால் இளம் பெண்கள் நம்புவதில்லை. எனக்கும் எரிச்சல்தான், அது வேறு கதை. சொத்து கொழும்பில் இருப்பதால் தேசவழமை பொருந்தாது என்று வாங்கியவர் சொல்ல முடியாது, அந்தச் சட்டம் ஆளோடு போவது. அவர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இவ வடமாகாணத்து வாசியே இல்லை.

அந்த இடத்தில் விளக்கம் சுவாரசியமாகிவிடும். ஒருவர் எந்த ஊர் வாசி என்பதை எப்படி நிரூபிப்பது? எங்கே பிறந்தா, எங்கே கல்யாணம், வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே, ஊரில் வீடு இன்னும் இருக்கிறதா, அதைத் திருத்தினார்களா விட்டுவிட்டார்களா, நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் சொந்த வீட்டில் தங்குவார்களா ஹோட்டலிலா, ஓய்வெடுத்ததும் ஊருக்குப் போய் இருப்பதாக எப்போதாவது கடிதத்தில் எழுதினார்களா. மூன்று தலைமுறையாகக் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கிற குடும்பம் "நாங்கள் யாழ்ப்பாணம்" என்று சொல்லும். அது பேச்சு வழக்கா, சட்டம் கேட்கிற நிரந்தர வாசமா? போரில் இடம்பெயர்ந்து வந்தவர், திரும்பிப் போக முடியாமல் இருந்தாரா, போக விரும்பாமல் இருந்தாரா? இப்படியான வழக்கில் நான் குறிப்பெடுப்பது சட்டப் புத்தகத்திலிருந்து குறைவு, பழைய ஆல்பங்களிலிருந்து கூட.

இதெல்லாம் முதல் நீதிமன்றத்திலேயே பதிய வேண்டியவை. மேலே போன பிறகு புதுச் சாட்சியம் கொண்டுவரலாம் என்று நினைக்கிற கட்சிக்காரர்கள் நிறையப் பேர். "கனடாவில இருக்கிற அண்ணையை அப்பீலுக்குக் கூப்பிடுவம் மிஸ்" என்பார்கள். அண்ணைக்கு அங்கே வேலையில்லை. மேலே அழைத்துப் போவது வழக்கேட்டை மட்டும்தான்; புதுச் சாட்சியம் மிக அபூர்வமாக, விசேட காரணங்களுக்காகத்தான் ஏற்பார்கள். இருக்கிற சாட்சியத்திலும், யாரை நம்புவது என்று கீழ் நீதிபதி சாட்சியை நேரில் கண்டு முடிவெடுத்திருந்தால் அதில் கைவைக்கத் தயங்குவார்கள். ஃப்ராட் எதிர் பிரவுன் என்ற வழக்கில் அப்போது எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1918 இல் சொன்னதை இன்றைக்கும் எதிர்த்தரப்பு முதல் பக்கத்திலேயே போடும். அதைத் தாண்டி வர ஒரு வழி, நீதிபதியின் முடிவு சாட்சியின் நடத்தையைப் பார்த்து வந்ததா, ஆவணங்களிலிருந்து ஊகித்து வந்ததா என்று பிரித்துக் காட்டுவது. ஊகம் என்றால் மேலே இருப்பவர்களும் அதே ஆவணங்களை வைத்து ஊகிக்கலாம். என் மேன்முறையீட்டு வேலையில் பெரும்பகுதி இந்தப் பிரிப்புத்தான்.

அதற்கு முன் நாள் கணக்கு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு. 14 இல் தீர்ப்பு நாளும் தாக்கல் செய்கிற நாளும் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது, சனி சேரும். 60 இல் அந்தச் சலுகை இல்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ இருப்பார்கள், சட்டத்தரணி நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

நாளைவிடப் பெரிய பொறி, எந்தப் பாதை என்பது. இறுதித் தீர்ப்பு என்றால் நேரே மேன்முறையீடு, இடைக்கால ஆணை என்றால் முதலில் அனுமதி. எது இறுதி என்று சொல்வது சுலபம் என்று நினைப்பீர்கள். ராஜேந்திரன் செட்டியார் எதிர் நாராயணன் செட்டியார் வழக்கில் 5 நீதியரசர்கள் உட்கார்ந்து, ஆணை எந்தப் பக்கமாக வந்திருந்தாலும் பிணக்கு அதோடு முடிந்திருக்குமா என்று பார் என்றார்கள். 2017 இல் 7 பேர் கொண்ட ஆயம் அதே வழியை உறுதிப்படுத்தியது. ஏழு நீதியரசர்கள் கூடிப் பேச வேண்டிய கேள்விக்கு, ஒரு ஜூனியர் தீர்ப்பு வந்த மாலையில் தனியாக விடை கண்டுபிடிக்க வேண்டும். தவறான பாதையில் போனது தெரியவரும்போது சரியான பாதையின் 14 நாள் முடிந்திருக்கும். இது நீதியா என்று கேட்டால், எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் போட விட்டு, எது என்பதை நீதிமன்றமே தீர்மானித்தால் என்ன கெட்டுப்போகும்?

பாதையும் முன்போல் ஒன்றல்ல. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகள் மாகாண மேல் நீதிமன்றத்தின் சிவில் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகின்றன. அங்கிருந்து அனுமதி பெற்று உயர் நீதிமன்றம், அதற்கு 42 நாள். மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து அங்கே போய் வழக்கைத் தேடுகிற கட்சிக்காரர்களை அடிக்கடி சந்திப்பேன். பாவம், பலகை அப்படித்தானே சொல்கிறது.

மொழிக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். தமிழில் மனு போடலாம், தமிழில் சாட்சி சொல்லலாம், மொழிபெயர்ப்பு வசதியை அரசு தர வேண்டும். நடைமுறையில் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தின் வழக்கேடு சிங்களத்தில்தான் இருக்கும். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிற ஐயா தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வாயால் சிங்களமாகி ஸ்டெனோவிடம் போகிறது. அதுவே பிறகு மேலே ஆங்கில வாதமாகிறது. மொழிபெயர்ப்பாளர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாத நாளில் வழக்கே தள்ளிப்போகும். இருந்தாலும் சோர்ந்த மாலையில் நீண்ட பதில் குட்டையாகிவிடும், "எனக்கு ஞாபகப்படி" என்ற தயக்கம் விழுந்து வெறும் ஆம் மட்டும் மிஞ்சும். அந்தக் கணத்திலேயே எழுந்து திருத்தாவிட்டால் பிறகு திருத்த ஆளில்லை, மேலே இருப்பவர்கள் அந்தத் தமிழைக் கேட்கவே போவதில்லை. இரண்டு மொழியும் காதில் விழுகிற தமிழ்ச் சட்டத்தரணிக்குக் கொழும்பில் உள்ள உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துகிற ஒழுங்குவிதியை 2023 இல் நாடாளுமன்றம் தோற்கடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆங்கிலம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை, நியூ லோ ரிப்போர்ட்ஸ் தமிழில் வராது. ஆனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் புதுக்கடையில் சாட்சியை நடத்த முடியாது.

விளக்கமும் மேன்முறையீடும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எடுப்பது கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர். செல்லையா கோடீஸ்வரன் கேகாலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சி காட்டாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள உயர்வு இல்லை என்று 1961 இல் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. அவருடைய உயர்வு நின்றது. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சிறுபான்மையினரைப் பாகுபடுத்துகிற சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவை மீறிய தனிச் சிங்களச் சட்டத்தின் கீழ் வந்த சுற்றறிக்கை செல்லாது என்பது ஒரு கேள்வி. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின் (அரசின்) மீது வழக்குப் போடலாமா என்பது இன்னொன்று. 1964 இல் மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1967 இல் உயர் நீதிமன்றம் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்து, வழக்கே போட முடியாது என்று புரட்டியது, முதலாவதைத் தொடவில்லை. 1969 இல் பிரிவி கவுன்சில், போடலாம் என்று திரும்பப் புரட்டி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்மானிக்க வழக்கை மறுபடி இங்கே அனுப்பியது. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகிற பாதை மூடப்பட்டது, 1972 இல் புது அரசியலமைப்பு வந்து 29 ஆம் பிரிவே இல்லாமல் போனது. நாடு முழுதும் காத்திருந்த அந்தக் கேள்விக்கு உயர்ந்த எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை. ஒரு குமாஸ்தாவின் சம்பள உயர்வு மூன்று படி ஏறி, ஒவ்வொரு படியிலும் வேறு கேள்வியாக மாறியது. கீழே இரண்டு கேள்வியும் எழுவினாக்களாகப் பதிந்திருந்ததால்தான் அது அவ்வளவு தூரம் போனது. ஆனால் நல்ல வழக்கேடு மட்டும் போதாது, காலமும் ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் அதே வழக்கு காட்டுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் சோர்ந்து போவார்கள். சோரட்டும்.

காசு பற்றி அவர்கள் கேட்பதேயில்லை, வீட்டில் கேட்பார்கள். ஆரம்பத்தில் சீனியரின் அறையில் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் கிடைத்தால் அதிர்ஷ்டம். பகலில் நீதிமன்றம், பின்னேரம் கட்சிக்காரரோடு கலந்தாலோசனை, அது முடிய இரவு. பெண் பிள்ளைகளை வீட்டில் காலி வீதி பஸ் நேரத்தை வைத்துத்தான் அனுப்புவார்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல மூளைகள் வங்கிகளின் சட்டப் பிரிவுக்குப் போய்விட்டன. அதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரவுக் கலந்தாலோசனை என்பது சீனியர்களின் வசதிக்காக வந்த பழக்கம், மாற்றினால் வானம் இடிந்து விழாது.

விளக்கமா மேன்முறையீடா, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு: முதலில் கீழே நில்லுங்கள். நேரே மேன்முறையீட்டுக்குப் போனவர்கள் வாதத்தை அழகாக எழுதுவார்கள். ஆனால் வழக்கேட்டை வாசிக்கும்போது, இந்த இடத்தில் ஏன் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையைத் திடீரென்று நிறுத்தினார், இந்த ஆவணத்தை ஏன் அடையாளமிட்டுவிட்டு அப்புறம் விட்டுவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அறையில் நின்றவருக்கு அது தாளிலேயே தெரியும்.

இனிக் கட்சிக்காரர். தோற்றவர் கேட்பது "அப்பீல் போடலாமா?" வென்றவர் கேட்பது "வீடு எப்ப கைக்கு வரும்?" இரண்டாவது கேள்விதான் எனக்குக் கஷ்டம். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கலாம், சிவில் நடைமுறைச் சட்டக்கோவையின் 763 ஆம் பிரிவு. ஆனால் எதிர்த்தரப்பு, நிறைவேற்றினால் கணிசமான நட்டம் வரும் என்று காட்டினால் நிறுத்திவைப்பார்கள். வாடகைக்கு இருந்தவர் வழக்கில் தோற்றுவிட்டு அதே வீட்டில் இருந்துகொண்டே மேன்முறையீடு நடத்துவது கொழும்பில் சர்வசாதாரணம். வெல்வதற்காக இல்லாமல் நாளுக்காக மட்டும் அப்பீல் போடச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. சட்டம் இடம் கொடுக்கிறது, கட்டணமும் தருகிறார்கள். வழக்கேட்டை வாசித்து அதில் வாதாட ஒரு புள்ளியும் இல்லை என்றால் நான் எடுப்பதில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு படி இறங்கி, அடுத்த ஒழுங்கையில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். 14 நாளில் ஒரு நாள் என்னால் வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.